முதல் ஓட்டமும் இரண்டு அமானிதங்களும்

(சிதம்பரத்தில் நடந்த இளைஞர்–பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள நம் பிள்ளைகள் சிலர் முதன்முறையாகக் கோயம்புத்தூர் மாரத்தானில் ஓட விரும்புகிறார்கள். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக 2013-இல் தொடங்கிய ஓட்டம் அது. புற்றுநோய் வைத்தியத்துக்காக ஜிப்மருக்கும் சென்னைக்கும் அலைந்த குடும்பங்கள் நம் தெருக்களிலும் உண்டு. ஆகவே அந்த நோக்கம் நமக்கு அந்நியமானதல்ல.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். தர்மத்துக்காக ஓடுகிறவர் கையில் இரண்டு அமானிதங்கள் இருக்கின்றன. ஒன்று அவருடைய உடல். மற்றொன்று, அவரை நம்பிப் பிறர் கொடுத்த பணம். இரண்டையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வெற்றி.

முதலில் உடலைப் பார்ப்போம். 10 கி.மீ. என்றால் ஏறத்தாழ கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம். 21.1 கி.மீ., அதாவது அரை மாரத்தான் என்றால், ஏறத்தாழ கடலூரிலிருந்து புதுச்சேரி. முழு மாரத்தான் 42.195 கி.மீ. அது கிட்டத்தட்டக் கடலூரிலிருந்து நாம் கூடியிருக்கும் இந்தச் சிதம்பரம் வரை. பஸ்ஸில் போகும்போதே அந்தத் தூரம் தெரியும். ஆகவே முதல் முறை ஓடுபவருக்கு 10 கி.மீ. போதும்.

குறைந்தது மூன்று மாதம் பழகுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள், நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுபோனால், வேகம் அதிகம் என்று பொருள். தூரத்தை வாராவாரம் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். புதுச் செருப்பும் புதுச் சாப்பாடும் ஓடுகிற நாளில் வேண்டாம். இரண்டையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். உடலை மறைக்கும் தளர்வான உடை போதும். வியர்வை சீக்கிரம் காயும் துணியாக இருந்தால் உரசிப் புண்ணாகாது.

தண்ணீரிலும் அளவு வேண்டும். தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்.

வயதைப் பார்த்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 2021-இல் நம் மாநிலத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோய் உள்ளவர். விபத்தில் முழங்கால் அடிபட்டவர். 50 வயதைக் கடந்து ஓடத் தொடங்கி, 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், 2000-இல் லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரு தர்ம அமைப்புக்காக ஓடினார். அத்தனை ஓட்டத்தையும் கடந்த அவர், 2025-இல் தம் ஊருக்கருகே சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார்.

அதனால்தான் பெற்றோர்களின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் இருட்டில் பயிற்சி வேண்டாம். மைதானத்திலோ தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமோ ஓடுங்கள். சாலையில் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால், வண்டிகள் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்க ஓரத்தில், வெளிர்நிறச் சட்டையோடு ஓடுங்கள்.

இன்னொன்று தொழுகை. நீண்ட ஓட்டங்கள் பெரும்பாலும் விடியுமுன் புறப்படும். டிசம்பரில் பஜ்ரு நேரம் நுழைவதே ஐந்தேகால் மணிவாக்கில்தான். புறப்படும் நேரத்தை முன்பே பார்த்து, உளூவோடு போங்கள். வழியில் நேரம் வந்தால் ஓரமாக நின்று தொழுதுவிட்டுத் தொடருங்கள். சில நிமிடம் தாமதித்தால் பதக்கம் குறைந்துவிடாது.

இனி இரண்டாவது அமானிதமான பணம். பதிவுக் கட்டணம் முழுவதும் நோயாளிக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். பந்தோபஸ்து, தண்ணீர், ஆம்புலன்ஸ், பனியன், பதக்கம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. எவ்வளவு போய்ச் சேருகிறது என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். கேட்பது நம் கடமை.

உங்கள் கட்டணத்தையும் பயணச் செலவையும் உங்கள் கைப்பணத்திலிருந்து கட்டுங்கள். ஜகாத் எட்டு வகையினருக்கு உரியது. பனியனுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அதைத் தொடக் கூடாது. சதகாவாக யாராவது பத்து ரூபாய் கொடுத்தாலும் நோட்டில் எழுதி, ரசீது கொடுத்து, அந்தப் பத்து ரூபாயையும் அப்படியே சேர்த்துவிடுங்கள். பாதி வழியில் நீங்கள் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தாலும் அந்தப் பணம் போய்ச் சேரத்தான் வேண்டும். ஏனென்றால், உங்கள் கால் நின்றாலும் நோயாளியின் தேவை நிற்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் அதிகாலையில் எழுந்தால் தடுக்காதீர்கள். கூடவே சிறிது தூரம் நடந்து பாருங்கள். உங்கள் சர்க்கரையும் குறையும். ஓடப்போகிறவர்கள் அடுத்த வாரத்துக்குள் பெயரும் மருத்துவச் சான்றும் நம் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்ப துஆச் செய்வோம்.