மருத்துவமனையும் அண்டை அயலாரும்

ஹைதராபாத் நகரில், மூசி நதியின் கரையில், அப்சல்கஞ்ச் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள உஸ்மானியா பொது மருத்துவமனையின் வளாகத்தில் பழைய புளியமரம் ஒன்று நிற்கிறது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசியில் பெருவெள்ளம் பாய்ந்தபோது, இம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆண்டுதோறும் அதே நாளில் நகர மக்கள் சிலர் அம்மரத்தடியில் கூடி, மாண்டவர்களை நினைவுகூர்கின்றனர்.

அவ்வெள்ளம் அங்கிருந்த முந்தைய மருத்துவமனையையும் பாழாக்கிற்று. இனி இத்தகைய கேடு நேராதிருக்க வழி கூறுமாறு 1909இல் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அதன் பயனாக 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் நிறைவெய்தின. நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில், வின்சென்ட் எஷ் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி மருத்துவமனையும் புதிதாக எழுந்தது. ஒரு கரையில் உயர்நீதிமன்றம், எதிர்க்கரையில் மருத்துவமனை. நீதியும் சிகிச்சையும் ஆற்றின் இரு மருங்கிலும் நின்று ஊரைக் காப்பது போன்ற காட்சி அது.

அழகான அக்கட்டடம் தன் காலத்துத் தேவையை நினைத்துக் கட்டப்பட்டது. நகரமோ பன்மடங்கு பெருகிவிட்டது. தெலங்காணாவின் மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஏழை நோயாளிகள் இங்கே வருகின்றனர். மேற்கூரை ஒழுகிற்று, சுவர்கள் உதிர்ந்தன. 2015ஆம் ஆண்டில், பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பப் போவதாக மாநில அரசு அறிவித்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. நகரின் சரித்திரத்தைப் பேணும் அன்பர்கள், பழுது பார்த்தால் அக்கட்டடம் இன்னும் நிற்கும் என்றனர். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2020 ஜூலையில் பெய்த மழையில், நோயாளிகள் படுத்திருந்த கூடங்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பழைய கட்டடம் மூடப்பட்டது. "புதிய கட்டடம் எப்போது?" என்று இளம் மருத்துவர்களும் குரல் எழுப்பினர். 2023இல் நிபுணர் குழு ஆராய்ந்து, அக்கட்டடம் இன்றுள்ள நிலையில் மருத்துவமனையாக இயங்கத் தக்கதன்று என்று கூறிற்று.

ஆகவே, அரசு வேறிடம் தேடிற்று. சற்றுத் தொலைவில், கோஷாமகாலில், காவல்துறைக்குச் சொந்தமான மைதானம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுமார் 26 ஏக்கர் நிலம்; 2,000 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை என்பது திட்டம். 2025 ஜனவரி 31ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கோஷாமகால் வாசிகளும் வணிகர்களும் எதிர்த்துக் கிளம்பிவிட்டனர். கடைகள் அடைக்கப்பட்டன.

"மருத்துவமனை வேண்டாமென்று யாராவது சொல்வார்களா?" என்று நாம் வியக்கலாம். அவர்கள் மருத்துவமனையே கூடாதென்று சொல்லவில்லை. இந்த இடத்தில் வேண்டாம் என்கின்றனர். பக்கத்திலேயே பேகம் பஜார் என்னும் மொத்த வியாபாரச் சந்தை இருக்கிறது. தெருக்கள் குறுகியவை. கைவண்டியும் சரக்கு வண்டியும் முட்டிக்கொள்ளும் அத்தெருக்களில் ஆம்புலன்ஸ் எவ்வாறு செல்லும் என்பது அவர்கள் கேள்வி. மருத்துவக் கழிவு எங்கே போகும் என்று கேட்கின்றனர். பிள்ளைகள் ஓடியாடவும் பெரியோர் காலையில் உலாவவும் இருந்த திறந்தவெளி போய்விடுமே என்று கவலைப்படுகின்றனர். 2022 டிசம்பரில் அதே கோஷாமகாலில், பெரிய சாக்கடைக் கால்வாயின்மேல் அமைந்த சாலை சந்தை நாளன்று இடிந்து உள்ளே விழுந்தது. தம் காலடி நிலமே உள்வாங்கக் கண்டவர்கள் அஞ்சினால், அதனைச் சுயநலமென்று தள்ளிவிடுதல் முறையாகாது.

எனினும், இவ்விவாதத்தில் ஒருவருடைய குரல் மட்டும் கேட்பதில்லை. அவர் நோயாளி. அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பது பழமொழி. வணிகருக்குச் சங்கம் உண்டு. கட்டடத்துக்கும் வாதாட அன்பர்கள் உண்டு. எங்கோ ஒரு கிராமத்திலிருந்து பேருந்தேறி வந்து, தாழ்வாரத்தில் துணியை விரித்துப் படுத்திருக்கும் கிழவிக்குச் சங்கம் ஏது? அவள் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டாள். குணமாகி ஊர் திரும்புவாள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்து படுப்பாள். ஆதலின், நோயாளி என்பவர் எப்பொழுதும் இருக்கிறார்; பேசுவதற்கு மட்டும் எப்பொழுதும் இருப்பதில்லை.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். செகந்திராபாத்தில் பல தலைமுறைகளாக வாழ்வோரும், பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குடியேறியோரும், "நாம் வந்தேறியவர்கள், ஊர் வழக்கு நமக்கெதற்கு?" என்று ஒதுங்குவதை அடக்கமென்று கருதுகிறோம். நள்ளிரவில் நம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் நாம் ஓடுவது எங்கே? அந்த ஊர் மருத்துவமனைக்கே ஓடுகிறோம். நம் தாய்மொழி யாது என்று கேட்டுவிட்டா அங்கே கட்டுப் போடுகிறார்கள்? உறவினர் அருகில் இல்லாத நமக்கு அம்மருத்துவமனையே உறவு. அதன் நன்மையை ஏற்றுக்கொண்ட நாம், அதன் பொருட்டு ஊர் கூடும்போது மட்டும் அயலாராய் நிற்பது பொருந்தாது.

போய் என்ன செய்வது? கூச்சலிட வேண்டியதில்லை, கேட்க வேண்டியவற்றைக் கேட்டால் போதும். ஆம்புலன்ஸ் வரும் சாலை எது? அது அகலமாகும்போது கடையிழப்பவருக்கு மாற்றிடம் எது? கழிவுநீர் எந்தக் கால்வாயில் சேரும். அக்கால்வாய் அதனைத் தாங்குமா? நோயாளியோடு வரும் உறவினர் இரவில் எங்கே படுப்பார்? இழந்த மைதானத்துக்கு ஈடாக வேறு திறந்தவெளி உண்டா? பழைய கட்டடத்தைப் பழுது பார்த்து எதற்குப் பயன்படுத்துவார்கள்? பழைய இடத்தில் மருந்துக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பிழைத்தவர்களின் கதி என்ன? அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே இவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை கிடைத்தால் எதிர்ப்பில் பாதி தணிந்துவிடும். விடை கிடையாதபோது ஊர் இரண்டுபடுகிறது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குத்தான் கொண்டாட்டம், நோயாளிக்கு அன்று.

அண்டை வீட்டாரின் அச்சமும் மெய். நோயாளியின் அவசரமும் மெய். முன்னதற்கு விடை கூறவேண்டும். பின்னதைக் காக்க வைக்கலாகாது. நாம் குடியேறிய ஊரில் அடுத்த முறை இத்தகைய கூட்டம் நடக்கும்போது, நம் கருத்தைச் சொல்வதற்கு முன், வர இயலாத அந்தக் கிழவியின் சார்பில் ஒரு கேள்வியேனும் கேட்போமாக. 1908இன் வெள்ளத்தில் அந்தப் புளியமரம், தன் கிளையைப் பற்றியவர் எவ்வூரார் என்று கேட்கவில்லை. மருத்துவமனையும் அத்தகைய மரமே. அதற்கு நீர் வார்ப்பது, அதன் நிழலில் ஒதுங்குவோர் அனைவரின் கடமை.