சொந்தத் தொழிலா, மாதச் சம்பளமா?

இந்த வாரக் கருத்தரங்கின் கேள்வி, லிட்டில் இந்தியா பக்கம் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழும் கேள்விதான். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்துகொடுத்துச் சம்பாதிப்பவருக்கு நிரந்தர வேலை தேடி வந்தால், ஏற்றுக்கொள்வதா, வேண்டாமா?

பொத்தாம்பொதுவாகப் பேசினால் முடிவு கிடைக்காது. உதாரணத்துக்கு ஒரு திருமணப் படப்பிடிப்பாளரை எடுத்துக்கொள்ளலாம். வயது 33. சிங்கப்பூரர். சிராங்கூன் சாலை பெருமாள் கோவில் கல்யாண மண்டபம் முதல் ஹோட்டல் விருந்து வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். வேலை உள்ள மாதத்தில் செலவு போக 6,000 வெள்ளி நிற்கிறது. ஒரு நிறுவனம் 4,800 வெள்ளிச் சம்பளத்துக்கு அழைக்கிறது. அம்மா உடனே "போய்ச் சேர்ந்துவிடு" என்கிறார். மனைவிக்குத் தயக்கம். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மனைவியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 4,800 வெள்ளி முழுதாகக் கைக்கு வராது. ஊழியர் பங்காக 20 விழுக்காடு, அதாவது 960 வெள்ளி, மத்திய சேமநிதிக்குப் போய்விடும். மிச்சம் 3,840. ஆறாயிரம் எங்கே, இது எங்கே? பெரும்பாலோர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். அது அவசரம்.

முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு, 816 வெள்ளி போடுகிறார். ஆக மாதம் 1,776 வெள்ளி சேமநிதியில் சேர்கிறது. 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காட்டுத் தொகை, அதாவது 1,104 வெள்ளி, சாதாரணக் கணக்குக்குப் போகும். வீட்டுக் கடன் தவணையை அதிலிருந்தே கட்டலாம். ஒப்பந்தத் தொழிலர் அந்தத் தவணையைப் பெரும்பாலும் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இனி, அந்த ஆறாயிரம் பன்னிரண்டு மாதமும் வருமா? ஆடியில் முகூர்த்தம் வைக்கமாட்டார்கள், மார்கழியிலும் வைக்கமாட்டார்கள். சிறு வேலைகள் கிடைக்கலாம், நம்பியிருக்க முடியாது. பத்து மாதம் என்றால் ஆண்டுக்கு 60,000. நிறுவன வேலையில் சம்பளம் 57,600, முதலாளி பங்கு 9,792, மொத்தம் 67,392. போனஸைச் சேர்க்காமலே இவ்வளவு. சுயதொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டாயம் என்பதையும் மறக்கக்கூடாது. அவர் வயதுக்கு, அந்த வருமானத்துக்கு 8 விழுக்காடு: 4,800 வெள்ளி. அவருடைய பணம்தான், ஆனால் கையில் புரளாது.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2013ல் நாணய ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, நிலையில்லாத வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கடனைக் கணக்கிடும். சராசரியாக மாதம் 5,000 சம்பாதிப்பவர் வங்கியின் கண்ணுக்கு 3,500 வெள்ளிக்காரர். 4,800 நிலையான சம்பளமோ 4,800ஆகவே நிற்கும்.

காய்ச்சல் வந்தால்? ஊழியருக்கு, ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு, ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. தாலி கட்டும் நேரத்தைக் காய்ச்சலுக்காகத் தள்ளிவைக்க முடியாது. தன் செலவில் வேறு ஆளை அனுப்ப வேண்டியதுதான். 2020ல் கொவிட் முடக்கத்தின்போது திருமணங்கள் நின்றுபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். தகுதி பெற்ற சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் ஒன்பது மாதங்களுக்கு மாதம் 1,000 வெள்ளி என்ற கணக்கில் உதவியது.

இதைக் கேட்டுவிட்டு உடனே கையெழுத்துப் போட்டுவிடவும் வேண்டாம். நிரந்தர வேலை என்பது பெயரளவில்தான் நிரந்தரம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால், ஆட்குறைப்பின்போது இழப்பீடு தரச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. வாடிக்கையாளர் வட்டமோ, இரண்டு வருடம் கண்ணில் படாமல் இருந்தால் கலைந்துவிடும். அக்காள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரைத்தான் தங்கை கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். அந்தத் தொடர்ச்சிக்குச் சேமநிதியில் கணக்கு கிடையாது. வீட்டுக் கடன் இல்லாதவர், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு உள்ளவர், தொழிலிலேயே நிற்பதில் தவறில்லை. கடன் வாங்கப்போகிறவருக்கும் குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்கும் சம்பளமே மேல்.

தாளையும் படித்துப் பார்க்க வேண்டும். சிலர் 'வேலை' என்று அழைத்துவிட்டு, சேமநிதியும் விடுப்பும் இல்லாத சேவை ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். தாளின் தலைப்பு எதுவாக இருந்தாலும், வேலை நேரத்தை யார் முடிவுசெய்கிறார், கருவிகள் யாருடையவை, நட்டம் யார் தலையில் என்பவற்றை மனிதவள அமைச்சு பார்க்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களும் உண்டு. வாடகைக் கார் ஓட்டுவோர், உணவு விநியோகம் செய்வோர் போன்ற இணையத்தள ஊழியர்களுக்காக 2025 ஜனவரி 1 முதல் தனிச் சட்டமே நடப்பில் இருக்கிறது. படப்பிடிப்பாளர் அதில் வரமாட்டார்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வார இறுதியில் வெளி வேலை செய்யலாமா? பல நிறுவனங்கள் அனுமதி இல்லாமல் விடுவதில்லை. வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருப்பார். அந்தத் தேதிகளை நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லி, வேலையில் சேரும் நாளை அதற்கேற்பத் தள்ளிக் கேட்கலாம். ஒத்துவராவிட்டால், மாற்று ஆளை இப்போதே கல்யாண வீட்டாரிடம் அறிமுகப்படுத்த வேண்டும். பத்திரிகை அச்சடித்த பிறகு அல்ல.