தகரப் பெட்டியில் வந்த ஜப்பானியச் சிற்றுருவங்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். செயலாளர் கால் மணி நேரம் தந்திருக்கிறார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குமுன் முடித்துவிடுவேன்.

என் தாய்மாமன் மும்பைத் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சரக்கு வழங்கும் கடையொன்றில் கணக்கெழுதியவர். மாலுமிகளிடம் விநோதப் பொருள்கள் வாங்கிச் சேர்ப்பது அவர் பழக்கம். அவர் மறைந்த சில நாட்களில் மாமி அப்பெட்டியை என் முன் வைத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த மூன்று உருவங்கள். மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்குவன. சுருண்டு கிடக்கும் மர எலி ஒன்று. படுத்திருக்கும் வெண்ணிற எருது ஒன்று. மீன்கூடை சுமந்த கிழவர் ஒருவர். “எருது ஒன்றே இலட்சம் பெறும் என்பார் உன் மாமா. விற்றால் என் கண் அறுவைக்கு ஆகுமா, பாரப்பா” என்றார் மாமி. அக்கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றையே இன்று கூற வந்தேன்.

இவ்வுருவங்களுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் நெட்சுகே. 1868க்கு முற்பட்ட எடோ காலத்தில் அந்நாட்டு ஆடவர் அணிந்த கிமோனோ அங்கியில் பை கிடையாது. நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பிற் செருகியதுபோல, அவர்கள் புகையிலைப் பையையும், இன்ரோ எனப்படும் அடுக்கு மருந்துச் செப்பையும் கயிற்றில் கோத்து இடைக்கச்சிலிருந்து தொங்கவிட்டனர். கயிறு நழுவாதிருக்க அதன் மேல்நுனியில் கட்டிய தடையே நெட்சுகே. நாளும் உடலோடு உராயும் பொருளாதலால் கொம்பும் வாலும் துணியிற் சிக்காதவாறு உடலோடு ஒடுக்கிச் செதுக்கினர். 1781இல் ஓசாகாவில் வெளிவந்த ‘சோகென் கிஷோ’ என்னும் நூல் வாள் அணிகளைப் பற்றியது. எனினும் அதன் இறுதிப் பகுதி ஐம்பதுக்கு மேற்பட்ட நெட்சுகேச் சிற்பிகளைக் குறிப்பிடுகின்றது. பின்னர் மேனாட்டு உடையும் அதன் சட்டைப்பைகளும் வந்தன. சுருட்டுக்குழல் போய்ச் சிகரெட்டும் வந்தது. நெட்சுகேக்கு வேலை இல்லாது போயிற்று. அயல்நாட்டார் அள்ளிச் சென்றனர். அவர்களுக்கென்றே புதியனவும் செய்யப்பட்டன. உண்மையும் போலியும் அப்போது மேலும் கலந்தன.

இனி, பிரித்தறியும் வழி. உருவத்தை முதலிற் கவிழ்த்துப் பாருங்கள். கயிறு நுழையும் இரு துளைகள் அடியிலோ முதுகிலோ இருத்தல் வேண்டும். பலவற்றில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. முடிச்சு பெரிய துளைக்குள் மறையும். சிலவற்றில் தனித்துளை இல்லை. மடங்கிய காலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்தே போதுமானது. துளைக்குரிய இடமே இல்லையெனில் அது மேசையில் வைக்கும் அலங்காரப் பொம்மையாகலாம்.

அடுத்து, தேய்மானம். இடுப்பில் உரசிய பக்கமும் துளையின் விளிம்பும் மழுங்கியிருக்கும்; பள்ளங்களில் உளிவேலை கூர்மையாகவே நிற்கும். போலியிலோ எங்கும் ஒரே மழுக்கம். பழமை காட்டப் பூசிய கருஞ்சாயம் பள்ளந்தோறும் ஒரே அளவாய்த் தேங்கியிருக்கும்.

மாமாவின் பெருமைக்குரிய எருதைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்தேன். அடியில் தோமோதாதா என்ற பெயர். கியோத்தோ நகரத்தவரான தோமோதாதா எருது செதுக்குவதிற் புகழ்பெற்றவர். அவர் வேலைக்குப் போலிகள் மலிந்தமையை அந்த 1781ஆம் ஆண்டு நூலே சொல்கிறது! அத்தகைய பெயரைக் கண்டால் மகிழ்ச்சிக்கு முன் ஐயம் தோன்றுவதே நலம். எருதின் வயிற்றோரம் மெல்லிய வார்ப்புத் தழும்பு ஓடிற்று; கால் இடுக்கில் ஊசிமுனையளவு காற்றுக்குமிழிகள்; கையெழுத்தின் கோடுகள் உளியாற் கீறியனவாக இன்றி அச்சில் வார்த்தனவாய் மழுங்கியிருந்தன. அது பிசின் வார்ப்பு.

கிழவர் தந்தமே. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தோன்றும். எலும்பாயின் சிறு கரும்புள்ளிகள் தெரியும். கிழவரின் பாதத்தடியில் அவ்வலை தெளிவாகத் தெரிந்தது. பழுத்த ஊசியாற் குத்திச் சோதிக்கச் சொல்வோர் உண்டு. அது பொருளைக் கெடுக்கும் வழி, செய்யற்க. தந்தம் என்றதும் மாமி முகம் மலர்ந்தது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடுத்துவிட்டன. ‘முன்னோர் வைத்தது’ என்னும் சமாதானம் விற்பனைக்கு உதவாது. மரபுரிமையாய் வந்ததை 90 நாட்களுக்குள் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். மாமியிடம் கையொப்பம் வாங்கி, கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அத்தகைய பொருள் இருக்கலாம். ஆதலாற்றான் இதனை விரித்துரைத்தேன்.

எஞ்சியது எலி. துளைகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முதுகின் ஒரு பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பு. எவரோ ஒரு ஜப்பானியர் பல்லாண்டு இடுப்பில் அணிந்த பொருள் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மற்றொரு பக்கம் வெளிறிக் கிடந்தது. கேட்டேன். “தீபாவளிக்கு முன் ஒருமுறை அழுக்கென்று சீயக்காய் போட்டுத் தேய்த்தேன்” என்றார் மாமி. கைபட்டுக் கைபட்டு ஏறிய மெருகு ஒரே காலையில் போய்விட்டது. விலையிற் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. மெல்லிய உலர்துணியால் தூசி தட்டுவதற்கு மேல் இவற்றுக்கு எதுவும் செய்யலாகாது.

எட்மண்ட் டி வால் என்னும் ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் தம் குடும்பத்து 264 நெட்சுகேக்களின் வரலாற்றை 2010இல் நூலாக்கினார். 1938இல் நாஜிகள் வியன்னாவில் அக்குடும்பத்து மாளிகையைச் சூறையாடியபோது, அன்னா என்னும் பணிப்பெண் அவற்றைச் சிறிது சிறிதாகக் கடத்தித் தன் மெத்தைக்குள் ஒளித்துக் காத்தார். போருக்குப் பின் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு நுண்ணிய கலைப்பொருள்களை அறிந்த நூலாசிரியருக்கு அன்னாவின் குடும்பப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அந்நூலைப் படித்தபின் மாமாவைப் பற்றி மாமியிடம் நிறையக் கேட்டு எழுதிவைத்தேன்: எந்தக் கப்பல், எந்த ஆண்டு, என்ன விலை என்று. எலி ஒரு சமையற்காரரிடம் வாங்கியதாம்; ஒரு வேட்டிக்கு மாற்றாம். அக்குறிப்பும் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது.

கண் அறுவைக்கு நாங்கள் மருமக்கள் நால்வரும் சேர்ந்து செலவு செய்தோம். மாமி இதோ முதல் வரிசையில் நலமாக அமர்ந்திருக்கிறார். எலியை விற்க இப்போது அவருக்கு மனமில்லை. அவர் இசைவோடு அதனை வரிசை வரிசையாக அனுப்புகிறேன். விழாச் சிற்றுண்டி உண்ட கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்குங்கள். கவிழ்த்துப் பார்த்து, அடுத்தவரிடம் கொடுங்கள்.