கல்திட்டை பார்க்கப் போனோம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



சுற்றுலா என்றால் கதிர்காமத்துக்கோ நுவரெலியாவுக்கோதான் வான் பிடிப்போம். இம்முறை எங்கள் வகுப்புக்காரர் றக்வானையிலிருந்து இரத்தினபுரி, அவிசாவளை வழியாக றம்புக்கனைப் பக்கம் படவிகம்பொலவுக்குப் போனோம். நம் சப்ரகமுவவிலேயே ஒரு கல்திட்டை! நட்டு நிறுத்திய கற்களின்மேல் ஒரு பெரிய பலகைக்கல், வேறொன்றுமில்லை. ஆனாலும் அங்கே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்திலும் இப்படி உண்டு. கேரளத்து மறையூரில் 'முனியறை' என்பார்கள். மனிதர் தூக்கிய கல் என்று நம்ப மனம் வரவில்லை போலும்.

தம்புள்ளைக்கருகே இப்பன்கட்டுவவில் தோண்டியபோது, கற்பலகைகளால் அடைத்த குழிகளில் தாழிகளும் எரித்த எலும்புகளும் மணிகளும் கிடைத்தன. கி.மு. 700 முதல் 400 வரையிலான காலம் என்கிறார்கள். சில மணிகளின் கல் இந்தியாவிலிருந்து வந்ததாம். மாணிக்கம் தோண்டுகிற நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள்.

திரும்பும் வழியில் பேச்சு வேறாயிற்று. காட்டை வெட்டித் தோட்டமாக்கிய நம் பூட்டன் பூட்டிமாரில் எத்தனை பேருக்குப் பெயர்க்கல் உண்டு? சிலர் கிடக்கும் இடத்தில் இன்று தேயிலை நிற்கிறது. எலும்பைப் பார்த்து வயது சொல்லலாம், ஆணா பெண்ணா என்று சொல்லலாம். பெயர் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது.

ஆகவே, தெரிந்த கிழவிமார் இருக்கும்போதே கேட்டு, உங்கள் தோட்டத்தில் யார் எங்கே கிடக்கிறார் என்று எழுதி அனுப்புங்கள். சங்கத்தில் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். இதுவரை பதினொரு பெயர் வந்திருக்கிறது.