குலமுறையும் நோய்முறையும்

(அனந்தபுரத்தில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் குலமுறையைப் பற்றிச் சில சொற் கூறுமாறு சங்கத்தார் நமக்குப் பணித்தனர். குலமுறை என்றவுடன் செப்பேடும், கல்வெட்டும், முன்னோர் கட்டிய மடமும் குளமும் நும் நினைவுக்கு வருதல் இயல்பே. அவற்றைக் குறித்து இம்மேடையிற் பலர் பலகாலும் பேசியுள்ளனர், நாமும் பேசியுள்ளோம். இன்று நாம் கூறப்புகுவது வேறொரு குலமுறை. பெருமையை மட்டும் எழுதாமல் பிணியையும் எழுதிவைத்த குலமுறை அஃது. அதனை வரைந்தவர் புலவருமல்லர், அரசருமல்லர், ஒரு மருத்துவர். தமிழ் கற்பிப்பார்க்கு மருத்துவத்தில் என்ன வேலையென்று வினவற்க. இதனை இங்கே கூறும் கடப்பாடு நமக்கு ஏன் உண்டாயிற்றென்பது முடிவில் விளங்கும்.

நோஷிர் ஹார்முஸ்ஜி வாடியா என்பார் 1925ஆம் ஆண்டிற் சூரத்து நகரிற் பார்சி மரபிற் றோன்றியவர். பம்பாய்க் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று, அந்நாளில் நரம்பு மருத்துவத்திற் றலைசிறந்து விளங்கிய ரசல் பிரெயின் என்பாரிடம் பயிற்சி பெற்றார். பிரெயின் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் மூளை என்பதே. மூளையை ஆராயப் புகுந்தவர்க்கு வாய்த்த ஆசிரியரின் பெயரும் அதுவே! 1957இற் றாயகம் திரும்பிய வாடியா, தாம் கற்ற கல்லூரியிலும் அதனைச் சார்ந்த ஜே. ஜே. மருத்துவமனையிலும் நரம்பியற் றுறையை நிறுவினார். வேலூரில் ஜேக்கப் சாண்டியும் சென்னையில் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகளே அப்பொழுது கழிந்திருந்தன.

மூளையின் உட்புறத்தைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. பொறி அந்நாளில் இல்லை. 1971இலேதான் அது முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. ஆகவே, வாடியாவின் கையிலிருந்த கருவிகள் யாவை? தம் கண், தம் கை, முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியல் ஆகியவையே. இவற்றினும் வலிய கருவி ஒன்றும் அவரிடம் இருந்தது. அஃதொரு வினா: “நும் குடும்பத்தில் வேறு எவர்க்கேனும் இவ்வாறு உண்டோ?”

அவரிடம் வந்த நோயாளிகள் சிலர் கள்ளுண்டார் போலத் தள்ளாடி நடந்தனர். பேச்சுக் குழறிற்று, வாய்க்குக் கொண்டுசெல்லும் கவளம் வழி தவறிற்று. உடலின் அசைவுகளை அளந்து ஒழுங்குசெய்யும் சிறுமூளை சிறிது சிறிதாகத் தேய்வதனால் வரும் நோய் இது. தள்ளாட்ட நோய் என்று நாம் இதனைக் கூறலாம். ஆண்டுதோறும் வளர்ந்து ஈற்றிற் கட்டிலிற் கிடத்திவிடும் இயல்பினது.

இந்நோயின் சில வகைகள் முன்பே நூல்களிற் காணப்பட்டன. வாடியா கண்ட புதுமை நோயாளிகளின் விழியில் இருந்தது. வலப்புறம் ஒரு விரலையும் இடப்புறம் ஒரு விரலையும் காட்டி, மாறி மாறிப் பார்க்குமாறு பணித்தால், நம் விழி சிட்டுக்குருவி தத்துவது போல நொடியிற் றாவும். அந்நோயாளிகளின் விழியோ தாவவில்லை. மெல்ல மெல்ல ஊர்ந்து சென்றது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்போது உற்று நோக்குங்கள். அவர்தம் விழி வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை, சொல்லுக்குச் சொல் தாவியே செல்கின்றது. இத்தாவுதல் கெட்டால் நடையேயன்றிப் படிப்பும் தளரும். நெடுநாள் உடனிருந்தாரும் காணாத இச்சிறு குறிப்பைக் கண்டு, இது தனியொரு வகை நோய் எனத் துணிந்தார் வாடியா. 1971இல், தம்முடன் உழைத்த ஆர். கே. ஸ்வாமி என்பாரோடு சேர்ந்து, ‘பிரெயின்’ என்னும் பெயருடைய இலண்டன் ஆராய்ச்சி இதழில் இதனை வெளியிட்டார்.

அக்கட்டுரைக்குச் சான்றாக நின்றவை ஒன்பது குடும்பங்கள். பாட்டனுக்கு உண்டோ, தாய்க்கு உண்டோ, தமையனுக்கு உண்டோவென்று ஒவ்வொரு குடும்பத்திலும் வினவி அறிந்தனர். அக்குடும்பத்தார் மானத்துக்கு அஞ்சி, “எங்கள் வீட்டில் ஒருவர்க்கும் இல்லை” என்று கூறியிருப்பின் அக்கட்டுரை பிறந்திராது. மருத்துவரின் கூர்த்த கண் பாதி. குடும்பத்தாரின் மெய்ம்மொழி பாதி.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து 1996இல், மூன்று ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே இந்நோய்க்குரிய மரபணுவைப் பன்னிரண்டாம் குரோமோசோமிற் கண்டுபிடித்தனர். அம்மரபணுவில் மூன்றெழுத்துக் கொண்டதொரு தொடர் மீண்டும் மீண்டும் வருகின்றது. பெரும்பாலோரிடம் அஃது 22 முறை வரும். இந்நோயுற்றாரிடம் பெரும்பாலும் 35 முறைக்கு மேற்படும். ஏடெழுதுவோன் கைப்பிழையால் ஒரே அடியை மீண்டும் மீண்டும் எழுதிவிடுவது போன்றதென்க. படியெடுக்குந்தோறும் ஏட்டிற் பிழை பெருகுமன்றோ? அதுபோலத் தலைமுறைதோறும் இப்பிழை நீளலாம். நீளுந்தோறும் தந்தைக்கு ஐம்பதிற் கண்ட நோய் மகனுக்கு முப்பதிலேயே காணும். இன்று இரண்டாம் வகை எனக் குறிக்கப்படும் இந்நோய் கியூபா நாட்டின் ஒல்கின் மாகாணத்தில் மிகுதியாக உண்டு. பம்பாயில் ஒருவர் கண்ட கண் குறிப்பு அங்கும் பொருந்திற்று. 2012இற் பத்மபூஷண் விருது பெற்ற வாடியா, 2016இல் மறைந்தார்.

இனி, நோய் தலைமுறையில் இறங்கும் வழி இரண்டு என்பதை அறிதல் வேண்டும். முதல் வழியில், பெற்றோருள் ஒருவர்க்கு நோய் இருந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருதற்கும் வாராமைக்கும் சமமான வாய்ப்பு உண்டு. வாடியா கண்ட நோய் இவ்வழியது. இதற்கு உறவுமுறைத் திருமணம் காரணமன்று. இரண்டாம் வழியில், பெற்றோர் இருவரும் நலமுடையவராகவே இருப்பர். ஆயினும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்றை மறைவாகத் தாங்கியிருப்பர். அவ்விரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் நோய் தோன்றும். அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கம் இவ்வாய்ப்பைப் பெருக்குகின்றது.

இரண்டாம் வழியைச் சேர்ந்தது வில்சன் நோய். உடலிற் சேரும் செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்கி, இளம்பருவத்திலேயே கைந்நடுக்கமும் நாக்குழறலும் விளைக்கும். வாடியா இதனையும் ஆராய்ந்தார். தாராப் தஸ்தூர் முதலானோருடன் கூடிப் பதினாறு குடும்பங்களின் வரலாற்றை 1968இல் வெளியிட்டார்.  அன்பர்காள்! இதனைச் சற்றே எண்ணுங்கள்.   வில்சன் நோய்க்கு 1956 முதலே மருந்து உண்டு. காலத்தில் அறிந்து கொடுத்தாற் பிள்ளை பிழைக்கும், மறைத்தால் மடியும்.

இவையெல்லாம் எங்கோ உள்ளார் கதையென்று இருந்துவிடற்க. வடநாட்டு அகர்வால் வகுப்பாரிடையே பன்னிரண்டாம் வகைத் தள்ளாட்ட நோய் மிகுந்து காணப்படுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கைந்நடுக்கமே அதன் முதற்குறி. நம் தமிழ்நாட்டிலும் ஒரு சமூகத்தாரிடையே முதல் வகை மிகுந்திருத்தலை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ என்னும் இதழில் மருத்துவர் வெளியிட்டனர். தமக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழும் எக்குலத்தார்க்கும் இது நேரலாம். இதில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை.

இனி நம் குற்றத்தைக் கூறுகின்றோம். நம் பெரியன்னையின் கணவர் நாற்பத்தைந்து வயதிற் றள்ளாடத் தொடங்கினார். ஒருநாளும் குடியாத அவரைக் குடியன் என்று ஊரார் நகைத்தனர். அவர்தம் மகளுக்கு வரன் பேசச் சென்றபோது, படித்த பிள்ளையென்று நம்மையும் உடனழைத்துச் சென்றனர். “பெண்ணின் தந்தைக்கு என்ன?” என்று பிள்ளை வீட்டார் வினவினர். பெரியோர் நம் முகத்தை நோக்கினர். “வண்டியிலிருந்து விழுந்தார், இடுப்பில் அடி” என்று நாம் விடையிறுத்தோம். திருமணம் இனிதே முடிந்தது. நம் சொல்வன்மையை எல்லோரும் பாராட்டினர்.

தங்கை முறையினரான அவர் இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். சில ஆண்டுகளுக்கு முன் அவர்க்கும் கால் தடுமாறிற்று. குடும்பத்தில் எவர்க்கேனும் உண்டோவென்று மருத்துவர் வினவியபோது, “இல்லை, தந்தையார் வண்டியிலிருந்து விழுந்தவர்” என்றே அவர் கூறினார். நாம் பிறர்க்குச் சொன்ன பொய்யை அவரும் மெய்யென்று நம்பியிருந்தார். கழுத்தெலும்பென்றும் ஊட்டக்குறைவென்றும் மூன்றாண்டுகள் வீணாயின. செய்தி நம் செவிக்கெட்டிய பின்னரே நாம் சென்று உண்மையை உரைத்தோம். குருதிச் சோதனையில் நோய் வெளிப்பட்டது. அவர் நம்மைக் கடிந்து ஒருசொல்லும் சொல்லவில்லை. “என் பிள்ளைகளுக்காவது மெய் சொல்லுங்கள், அண்ணா” என்றார். அவர் இசைவு பெற்றே இதனை இங்கே கூறினோம்.

“மெய்யைச் சொன்னால் நம் பெண்களை எவர் கொள்வார்?” என்று தாய்மார் வினவுதல் நமக்குக் கேட்கின்றது. அவ்வச்சம் பொய்யன்று. ஆகையால் ஊரறியப் பறைசாற்றுக என்று நாம் கூறவில்லை. மருத்துவரிடம் மறையாதீர், பருவமெய்திய மக்களிடம் மறையாதீர், மணம் பேசும் இரு வீட்டாரும் தம்முள் மறையாதீர். நலமாயுள்ள பிள்ளை தன் குருதியைச் சோதிப்பதும் சோதியாமையும் பதினெட்டு வயது நிரம்பியபின் அப்பிள்ளையின் விருப்பம்; வரன் பார்ப்பதற்காக எவரையும் வற்புறுத்தற்க. தள்ளாட்ட நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லையெனினும், நடைப்பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும், விழாமற் காக்கும் முறையும் வாழ்வை எளிதாக்கும். தள்ளாட்டம் எல்லாம் தீராத நோயும் அன்று. மருந்துக்கு அடங்குவனவும் உள. எது எதுவென்று காண முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுவை ஜிப்மரும் நமக்கு அணித்தே இருக்கின்றன. நம் சங்கத்து இளைஞர் நோயாளிகளை அழைத்துச் செல்லும் தொண்டை மேற்கொள்ளல் வேண்டும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். குடும்பத்தாரின் மெய்ம்மொழியை ஐந்தாவதாகச் சேர்க்குமாறு நாம் வேண்டுகின்றோம். இன்றிரவு வீடு சென்றதும் ஒரு தாளை எடுத்து, பாட்டன் பாட்டி முதலாக உள்ளார் பெயர்களையும், அவர்க்கிருந்த நோயையும், அது தொடங்கிய வயதையும் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள். செப்பேடு நம் முன்னோர்க்குப் பெருமை. இத்தாள் நம் பின்னோர்க்குக் காவல்.