சுரங்கக் குழியும் சூரிய மின்சாரமும்
(பாகூரில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தண்ணீரின்மேல் தகடுகளை மிதக்கவிட்டு மின்சாரம் எடுக்கிறார்களாமே, அது மெய்தானா, நமது ஏரிக்கும் அது வருமா என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள தோழர்கள் பலர் கேட்கிறார்கள். மெய்தான். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பிளாஸ்டிக் மிதவைகளின்மேல் சூரியத் தகடுகளைப் பூட்டி, காற்றில் அடித்துக்கொண்டு போகாதபடி கயிற்றால் நங்கூரத்தில் கட்டி, கம்பி வழியாகக் கரைக்கு மின்சாரத்தைக் கொண்டுவருகிறார்கள். அடியில் தண்ணீர் இருப்பதால் தகடு அதிகம் சூடேறுவதில்லை. சூடு குறைந்தால் மின்சாரம் சற்று அதிகம். நிழல் விழுவதால் தண்ணீர் ஆவியாவதும் குறையும். தெலுங்கானாவில் ராமகுண்டம் அனல்மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் 2022இல் 100 மெகாவாட் இவ்விதம் அமைத்தார்கள். அதற்குப் பிடித்த இடம் சுமார் 500 ஏக்கர். தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் நீர்த்தேக்கத்திலும் அதே வருஷம் அமைத்தார்கள்.

சூரியனுக்கு ஏழு குதிரை பூட்டிய நம்மவர்கள் அதற்கு ஒரு கம்பி பூட்ட யோசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சீனாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஹுவாய்நான் என்ற இடத்தில் நிலக்கரி தோண்டித் தோண்டிப் பூமி உள்வாங்கி, தண்ணீர் நிரம்பிவிட்டது. உழவுக்கும் உதவாது, வீடு கட்டவும் உதவாது. அந்தத் தண்ணீரின்மேல்தான் 2017இல் 40 மெகாவாட் மிதவை நிலையத்தை ஓட்டினார்கள். கரி எடுத்துக் கெட்ட இடத்திலேயே கரியில்லாத மின்சாரம்! இது புத்திசாலித்தனமான காரியம் என்றே நான் சொல்லுவேன்.

நமக்கு அடுத்த நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் கம்பெனி ஏற்பட்டது. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். புதுச்சேரிக்கும் அதில் பங்கு வருகிறது. ஆகவே, நம் வீட்டு விளக்கில் நெய்வேலிக்காரன் இழந்த நிலம் எரிகிறது என்பதை மறக்கக் கூடாது. கரிப் படிவத்துக்கு அடியில் மேல்நோக்கி முட்டும் நீர் இருப்பதால், இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரம் ஓட்டியதைப் பார்த்தோம்.

நம் காலடி மட்டும் என்ன? பாகூர் மண்ணுக்கு அடியிலும் பழுப்பு நிலக்கரி இருப்பதை 1880களிலேயே பிரெஞ்சுக்காரர் துளைக் கிணறு இறக்கும்போது கண்டார்கள். நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த மண்ணை ஒருநாள் தோண்டலாம் என்று யாராவது கிளம்பினால், "வெட்டிய குழியில் சூரிய மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லவும் ஆள் வருவான். வெட்டிய குழிக்கு அது மருந்து. வெட்டுவதற்கு அது நியாயம் ஆகுமா என்று கேட்கிறேன்.

வேலை நடக்கும் சுரங்கத்தில் தண்ணீர் நிற்காது, கரையும் சரியும். ஆகவே கரி எடுத்து முடிந்து, நீர் நிலைத்த குழிகளில்தான் இது ஆகும். அங்கே பாசனமில்லை, மின்கம்பி பக்கத்திலேயே இருக்கிறது, மின்வேலை தெரிந்த தொழிலாளிகளும் இருக்கிறார்கள். நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கு முதலில் அந்த வேலையைக் கொடுக்கட்டும். ராத்திரிக்கு இந்த மின்சாரம் வராது, சேமிக்க பாட்டரி வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

பாகூர் ஏரி அப்படியல்ல. அதில் பாய்ச்சல் இருக்கிறது, மீன்பிடி இருக்கிறது, பறவை இருக்கிறது. ஊசுட்டேரியோ பறவைகள் சரணாலயம். ஏரி முழுவதையும் தகட்டால் மூடினால் வலை வீசுகிறவன் எங்கே போவான்? ஒரு மூலையில் சிறிது வைக்கலாமா என்பது ஊராரைக் கேட்டு முடிவு செய்யவேண்டிய விஷயம்.

ஊராரை யார் கேட்பது? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் வருஷக்கணக்காக நடத்தவில்லை. தேர்ந்தெடுத்த சபை இல்லாத ஊரில், ஏரியைக் குத்தகைக்கு விடும் காகிதத்தில் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆதலால் மிதவை வருமுன் தேர்தல் வரவேண்டுமென்று கேளுங்கள். குத்தகைப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, மீன்காரருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏரிப் பாசன விவசாயிகள் பேசக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் விட்டு அமருகிறேன்.