ஒளியைத் திருப்பி அனுப்பியவர்

பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்திருந்த சமயத்தில், அதில் வேலை கேட்டுக் கிடைக்காமல், வேடிக்கை பார்க்க மாத்திரம் அனுமதி பெற்ற மாணவர் ஒருவர், விளக்குகள் நின்ற இடத்தையும் காமிரா நகர்ந்த விதத்தையும் நோட்டுப் புத்தகத்தில் வெகு சிரத்தையாக வரைந்துகொண்டிருந்தார். ஒரு காட்சியை மறுபடி எடுக்க நேர்ந்தபோது, ஒளிப்பதிவாளர் க்ளோது ரெனுவாரே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தாராம்.

அந்த மாணவர்தாம் சுப்ரத மித்ரா. சினிமா காமிராவை இயக்கிப் பழக்கமே இல்லாத அவரிடம், 21-ஆவது வயதில், ‘பதேர் பாஞ்சாலி’ படத்தின் ஒளிப்பதிவை டைரக்டர் சத்யஜித் ராய் ஒப்படைத்தது அசாத்தியத் துணிச்சல்தான்.

1956-இல் வெளிவந்த ராயின் ‘அபராஜிதோ’வுக்காக, கதையில் வரும் காசி வீட்டின் திறந்த முற்றத்தை, மழைக்குப் பயந்து, ஸ்டூடியோவுக்குள்ளேயே அமைப்பதென்று தீர்மானித்தார்கள். ஆகாயத்திலிருந்து பரவி இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை விளக்குகளால் உண்டாக்க முடியாதென்று மித்ரா வாதாடினார், வாதம் எடுபடவில்லை. வேறு வழியின்றி, முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மீது பாய்ச்சி, அதிலிருந்து திரும்பி விழுந்த மிருதுவான பிரகாசத்திலேயே படம் பிடித்தார். பார்ப்பவர்களுக்கு அது நிஜ முற்றமாகவே தோன்றியது. தோற்ற வாதத்தினால் கலைக்கு இத்தனை லாபம் விளைந்தது அபூர்வம்.

‘சாருலதா’வும் ‘நாயக்’கும் அவர் கைவண்ணமே. பிற்காலத்தில் ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். இன்னொரு விஷயம்: ‘பதேர் பாஞ்சாலி’யில் இசையமைப்பாளர் ரவிசங்கர் வாசிக்காத சில இடங்களில் ஒலிக்கும் சிதார் இவருடையதே.